மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி

அடுத்த தெருவில் குடியிருக்கும் பெண்மணி ஒருவர், அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருப்பவர், சென்ற மாதம் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து, "சார், உங்களிடம் பழைய ஃபைனான்ஷியல் கோடு இருக்கிறது என்று அம்மா சொன்னார்கள், அக்கவுண்ட் டெஸ்ட் எழுதப் போகிறேன், இரவல் கிடைக்குமா?" என்று கேட்டார். கடைகளில் புதிய பதிப்புகளும் வினா விடைக் கையேடுகளும் தாராளமாகக் கிடைக்கிற இந்த நாளில், அரை நூற்றாண்டுக்கு முந்தைய என் புத்தகத்தால் அவருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கு விளங்கவில்லை. என்றாலும், கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி, அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பிரித்த மாத்திரத்தில், மைதாப் பசையும் மயில்துத்தமும் சேர்ந்து காய்ந்துபோன ஒரு வாசனை மூக்கில் ஏறிற்று. தஞ்சை ஜில்லாவில் வாய்க்கால் கரையோரம் இருந்த ஒரு போர்டு ஹைஸ்கூலின் தலைமையாசிரியர் அறையும், அவருடைய மேஜைக்கு இடப்புறத்தில் போட்டிருந்த முக்காலியும் கண்ணெதிரே வந்து நின்றன.

போர்டு ஹைஸ்கூல் என்று நான் சொல்வது இன்றைய இளைஞர்களுக்குப் புரியாமற் போகலாம். ஜில்லா போர்டுகள் நடத்திவந்த உயர்நிலைப் பள்ளிகள் அவை. போர்டுகள் கலைந்து, பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றி, 1970-ஆம் ஆண்டில் அப்பள்ளிகளெல்லாம் அரசுப் பள்ளிகளாகவே மாறிவிட்ட பிறகுங்கூட ஊரார் வாயில் அவை 'போர்டு ஸ்கூல்' என்றேதான் வெகுகாலம் வழங்கிவந்தன. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், பி.டி. என்னும் ஆசிரியர் பயிற்சிப் பட்டம் பெற்ற சூட்டோடு நான் அப்படியொரு பள்ளியில் உதவியாசிரியனாகப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே தலைமையாசிரியராக இருந்தவர் எங்களுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த எல்.டி. பட்டதாரி. பஞ்சகச்சமும் கழுத்து மூடிய கோட்டும் தரித்து, காலை முதல் மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பாகவே பள்ளி வாசலில் வந்து நிற்கும் சுபாவம் உடையவர். கோபித்துக்கொண்டு பேசி நாங்கள் கேட்டதில்லை, ஆனால் அவர் மௌனமாக இருந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. பாடம் இல்லாத பீரியடுகளில் உதவியாசிரியர்கள் ஓய்வறையில் வெற்றிலை போட்டுக்கொண்டு அரசியல் பேசுவது எங்கும் உள்ள சம்பிரதாயமாயிருக்க, இவர் மட்டும் தவணைக்கு ஒருவராக எங்களில் யாரையேனும் அழைத்து, "அந்த நேரத்தில் இங்கே வந்து இந்த முக்காலியில் உட்காரும்" என்று சொல்லிவிடுவார். என்ன காரணம் என்று சொல்லமாட்டார். ஏதோ குற்றம் செய்துவிட்டோம் போலும் என்று எண்ணிப் போய் உட்கார்ந்தவர்கள், தவணை முடிந்து எழுந்திருக்கும்போது ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தத் தெரிந்தவர்களாக எழுந்தார்கள்.

முக்காலியில் உட்கார்ந்தவனுக்கு முதல் வேலை திருத்தச் சீட்டு ஒட்டுவது. நிதி விதித் தொகுப்பு, கஜானா விதிகள், மதராஸ் கல்வி விதிகள் ஆகிய இவற்றில் மாறுதல் ஏற்படும்போதெல்லாம் அச்சடித்த சீட்டுகள் கட்டுக் கட்டாக வந்து சேரும். அவற்றைக் கத்தரித்து உரிய பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். எழுத்தர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய இந்தக் காரியத்தைத் தலைமையாசிரியர் எழுத்தரிடம் கொடுக்கமாட்டார். பியூன் ஒரு தகரக் குவளையில் மைதாவைக் காய்ச்சி, இராமபாணப் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கொண்டுவந்து வைப்பான். பழைய விதியை ஒருதரம் வாய்விட்டுப் படித்து, புதிய சீட்டையும் படித்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவரிடம் சொன்ன பிறகே பசையில் விரல் வைக்கலாம். வித்தியாசம் ஒரு காற்புள்ளியில் இருந்தாலும் விடமாட்டார். எனக்கு அந்த நாளில் அது பெரிய தண்டனையாகத்தான் தோன்றியது. ஆனால் எந்த விதி எந்தப் பக்கத்தில், எந்தச் சீட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது என்பது நாளடைவில் விரல் நுனியில் வந்து நின்றது.

இரண்டாவது வேலை, கோடை விடுமுறையின் கடைசி நாட்களில், கால அட்டவணை போடுவது. இன்றைக்குக் கணினியிடம் சொன்னால் கணப்பொழுதில் போட்டுக் கொடுக்கிறது என்கிறார்கள், இருக்கலாம். அன்று தலைமையாசிரியரின் மேஜைமீது பழுப்புக் காகிதம் ஒன்றை விரித்து, வாரத்தின் நாட்களையும் பீரியடுகளையும் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நிறமாக அட்டைத் துண்டுகளை நறுக்கி வைத்துக்கொண்டு, சதுரங்கம் ஆடுகிறவர்களைப் போல இருவரும் எதிரெதிரே குனிந்திருப்போம். கணக்குப் பாடம் பசி நேரத்தில் வரக்கூடாது. விஞ்ஞான அறை ஒன்றே ஒன்று, ஆகையால் இரண்டு வகுப்புகள் அங்கே மோதிக்கொள்ளக்கூடாது. டிரில் மாஸ்டர் நடுப்பகல் வெயிலில் பிள்ளைகளைத் திடலில் நிறுத்தக்கூடாது. நீடாமங்கலத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருகிறவருக்கு முதல் பீரியடைக் கொடுத்தால் ரயில் தாமதமாகும் நாளெல்லாம் அந்த வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். இவ்வளவையும் பார்த்து, ஒரு முழு நாள் பிரயாசைப்பட்டு நான் அமைத்த அட்டவணையை அவர் சாவதானமாகப் பார்வையிட்டுவிட்டு, சரித்திர ஆசிரியர் ஒருவருடைய பச்சை அட்டைகளை மட்டும் முதல் பீரியடிலிருந்து எடுத்து இரண்டாவதில் வைத்தார். அவர் உள்ளூர்க்காரர், ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. காரணம் புரியாமல் நான் விழிப்பதைப் பார்த்து, "அவர் வீட்டில் அம்மாள் படுத்த படுக்கை, தண்ணீர் இறைத்து, சமைத்து, மருந்து கொடுத்துவிட்டு வருகிறார். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். நாமும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றார். அந்த ஆண்டு முழுவதும் சரித்திர ஆசிரியர் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. தம்முடைய அட்டைகள் இடம் மாறிய விஷயம் அவருக்குக் கடைசிவரை தெரியவும் தெரியாது.

சம்பள நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலின் கூட்டுத்தொகையை முக்காலிக்காரன் மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் போட்டுச் சரிபார்க்க வேண்டும். எழுத்தரும் பியூனும் கஜானாவிலிருந்து பணப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியதும் பட்டுவாடா தொடங்கும். அதில் எங்கள் பள்ளிக்கென்று ஒரு கிரமம் இருந்தது. முதலில் துப்புரவுத் தொழிலாளி கைநாட்டு வைத்துப் பெற்றுக்கொள்வார்; பிறகு தண்ணீர்க்காரர், காவலாளி, பியூன்; அதன் பிறகே ரெவின்யூ ஸ்டாம்பின்மீது கையெழுத்திட்டு நாங்கள். தலைமையாசிரியர் தமது சம்பளத்தை எல்லாரும் போன பிறகு கடைசியாக எண்ணி எடுத்துக்கொள்வார்.

இப்படி ஒரு தவணைக் காலம் கழிந்த பின், ஜூன் மாதச் சேர்க்கை மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்தில், ஒரு நாள் காலையில் பியூன் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்து, "ஐயா இன்றைக்கு லீவு, சார்ஜ் உங்களிடம் என்று சொன்னார்" என்றான். முதல் உதவியாசிரியர் இருக்க எனக்கு எப்படி என்று நான் தயங்கியபோது, அவரே சிரித்துக்கொண்டு, "என்னிடம் நேற்றே பேசிவிட்டார், போய் உட்காரும்" என்று சொல்லிவிட்டார். தலைமையாசிரியருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தால், கூப்பிடு தூரத்திலிருந்த தம் வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சுகமாகப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது!

அன்றைக்கென்று பக்கத்துக் கிராமத்து மிராசுதார் ஒருவர் பையனையும் ஜாதகக் கட்டையும் கொண்டுவந்து சேர்ந்தார். மாற்றுச் சான்றிதழில் பையனுடைய வயது ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டதாம். நம் சேர்க்கைப் பதிவேட்டில் ஜாதகப்படி திருத்தி எழுதிக்கொள்ள வேண்டுமாம். பதிவான பிறந்த தேதியை மேலதிகாரியின் உத்தரவில்லாமல் தலைமையாசிரியரே தொட முடியாது என்பதை நான் ஒட்டிய சீட்டுகளே எனக்குச் சொல்லியிருந்தன. அதை நான் பணிவாகத்தான் சொன்னேன். "நேற்று வந்த வாத்தியார் எனக்குச் சட்டம் சொல்கிறீரோ? இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மனை கொடுத்தது யார் தெரியுமா?" என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற பெற்றோர்கள் எல்லாரும் சன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். பியூன், அனுபவசாலி, ஓசையில்லாமல் ஒரு நாற்காலியை அவருக்குப் பின்னால் நகர்த்தி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஜில்லாக் கல்வி அதிகாரிக்கு அவர் பெயராலேயே ஒரு விண்ணப்பம் எழுதி, ஒவ்வொரு வாக்கியமாக அவருக்குப் படித்துக் காட்டி, பிறப்புப் பதிவின் நகலை எங்கே போய்ப் பெற வேண்டும் என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது அவருடைய குரல் வெகுவாகத் தணிந்திருந்தது; போகும்போது, என் சொந்த ஊர் எது என்றுகூட விசாரித்துவிட்டுப் போனார்.

மாலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நடந்ததையெல்லாம் பியூன் எனக்கு முன்பே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைமையாசிரியர் விதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "மிராசுதார் உட்கார்ந்து பேசினாரா, நின்றுகொண்டே பேசினாரா?" என்பது ஒன்றுதான் அவர் கேட்ட கேள்வி. முதலில் நின்றார், பிறகு உட்கார்ந்தார் என்றேன். "சரி, காப்பி சாப்பிடும்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அந்த நாட்களில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்று ஒன்று மாகாணமெங்கும் பரவிக்கொண்டிருந்தது. காமராஜர் முதலமைச்சர்; நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். மதிய உணவு 1956-இல் தொடங்கி ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. 1958-இல் செங்கற்பட்டு ஜில்லாவில் கடம்பத்தூரில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து, பள்ளிக்கு வேண்டியதை ஊராரே கொடுக்கும் மாநாடுகள் ஜில்லா ஜில்லாவாக நடந்தன. எங்கள் பள்ளிக்கும் முறை வந்தபோது தலைமையாசிரியர் ஒரு பட்டியலைத் தயாரித்தார்: பெஞ்சு, சுவர்க் கடிகாரம், உலக உருண்டை, கரும்பலகை, தண்ணீர்ப் பானை. வீடு வீடாகக் கேட்கப் போகும்போது தாம் முன்னால் நடந்தாலும், வாசலில் போய்ப் பேசுகிறவன் முக்காலிக்காரன்தான். கை நீட்டிக் கேட்பதற்கு எங்களில் பலருக்குக் கூச்சமாயிருந்தது. பட்டதாரி என்ற எண்ணமே அந்தக் கூச்சத்துக்குக் காரணம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பெரிய வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார். கடைத்தெருவில் இட்லி விற்ற அம்மாள் இரண்டு தண்ணீர்ப் பானைகள் வாங்கிக் கொடுத்தாள். மாநாட்டுப் பந்தலில் வைத்த நன்கொடைப் பலகையில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுத வேண்டும் என்று சித்திர ஆசிரியரிடம் தலைமையாசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவள். தன் பெயர் எங்கே இருக்கிறதென்று எங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெகு நேரம் அதன் எதிரிலேயே நின்றிருந்தாள்.

இங்கே எங்கள் தமிழய்யாவைப் பற்றிச் சொல்லாமற் போனால் என் பேனா என்னை மன்னிக்காது. முக்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்தோம். ஆனால் பெற்றோரைச் சமாளிப்பதிலும், பிள்ளைகளின் சண்டையை விசாரிப்பதிலும், வெள்ளம் வந்த ஆண்டில் பள்ளிக்கூடத்தையே சத்திரமாக்கி ஊராருக்குச் சோறு போட்டதிலும் அவருக்கு ஈடாக எங்களில் ஒருவரும் இல்லை. அந்தக் காலத்தில் பண்டிதர்களுக்குத் தலைமையாசிரியர் பதவி எட்டாக் கனி. சம்பள விகிதமும் வேறு, மரியாதையும் வேறு. தலைமையாசிரியர் அவரையும் விடாமல் முக்காலியில் உட்காரவைத்தார். "எனக்கு எதற்கு ஐயா இது? நான் ஏற முடியாத மாடிக்குப் படிக்கட்டா?" என்று அவர் வேடிக்கையாகக் கேட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிற்காலத்தில் தமிழாசிரியர்களுக்கும் அந்த வாயில் திறந்தது. அதைக் காண அவர் இல்லை.

தலைமையாசிரியர் பதவிக்குப் பரீட்சை இல்லாமல் இல்லை. மே மாதத்திலும் டிசம்பரிலும் நடக்கும் துறைத் தேர்வுகளுக்கு ஜில்லாத் தலைநகருக்குப் பிரயாணம் போவோம். அக்கவுண்ட் டெஸ்ட் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். ஆகையால் தலைச்சுமையாகவும் டிரங்குப் பெட்டிகளிலும் விதிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு நரைத்த தலைகள் வரிசையில் நிற்கும் காட்சி, பார்க்கிற பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். புத்தகம் கையில் இருந்தும் பலர் தோற்றார்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரிந்தால்தானே? டெபுடி இன்ஸ்பெக்டர் தேர்வு மனப்பாடமாக எழுத வேண்டியது. இவற்றில் தேறியவர்களெல்லாம் கணக்கில் பிழை செய்யாதவர்களானார்கள் என்பது உண்மை. பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்தவர்களானார்களா என்பது வேறு விஷயம். எங்கள் பக்கத்தில் நாதஸ்வரம் கற்கும் பிள்ளைகள் வித்வானுக்குப் பின்னால் நின்று ஆண்டுக்கணக்கில் ஒத்து ஊதிய பிறகே சீவாளியைத் தம் வாயில் வைப்பார்கள். தலைமையாசிரியர் உத்தியோகமும் அந்த ஜாதியைச் சேர்ந்ததே என்பது என் திடமான அபிப்பிராயம்.

நான் தலைமையாசிரியனாகி வேறு ஊருக்குப் போனபோது முதல் காரியமாகத் தச்சரை அழைத்து ஒரு முக்காலி செய்யச் சொன்னேன். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்து, பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. மறைந்து, முதுகலை ஆசிரியர்களும் பட்டதாரி ஆசிரியர்களும் ஒரே கூரையின் கீழ் யார் மூத்தவர் என்று முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த முக்காலி எனக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல; இரு தரப்பிலிருந்தும் மாற்றி மாற்றி ஆட்களை அதில் உட்காரவைத்தேன்.

1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. தில்லியில் 1962-இல் ஆசிய நாடுகளுக்கான பயிற்சி மையமாகத் தோன்றிய நிறுவனம் இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து, பள்ளித் தலைமைக்கென்றே 2012-இல் ஒரு தேசிய மையத்தையும் அமைத்திருக்கிறது. இவற்றை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அத்தகைய பயிற்சி ஒன்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சொற்பொழிவுகள் நன்றாகவே இருந்தன; ஆனால் இடைவேளையில் தேநீர் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு குடிகாரத் தகப்பனைத் தாம் எப்படிச் சமாளித்தார் என்று இராமநாதபுரத்துத் தலைமையாசிரியர் ஒருவர் சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

புத்தகம் கேட்டு வந்த பெண்மணியின் நிலைமை என்னவென்றால், அவர் ஏற்கெனவே பொறுப்புத் தலைமையாசிரியை. முன்பிருந்தவர் ஓய்வு பெற்றார்; பதவி உயர்வுப் பட்டியல் வழக்கில் நிற்கிறதாம்; மூத்தவர் என்பதால் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. பொறுப்பு ஒப்படைப்பு எப்படி நடந்தது என்று கேட்டேன். பிரிவு உபசார விழா முடிந்து, மாலையும் சால்வையுமாகக் காரில் ஏறப்போகும் நேரத்தில், சாவிக் கொத்தையும் கடவுச்சொல் எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம் அந்தத் தலைமையாசிரியர். மறுநாள் முதல் மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகள், இணையத்தில் சம்பளப் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், விலையில்லாப் பாடநூல் விநியோகம், நடுநடுவே தம்முடைய பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம்! "சார், யாராவது ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்திருந்தால் போதும்" என்றார் அவர். அவர் படிக்க வேண்டிய புத்தகம் வேறு என்று சொல்லி, நானே கடைக்குப் போய்ப் புதிய பதிப்பை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மே மாதத்தில் ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர்களுக்கும், ஒவ்வொரு கல்வி மாவட்டத்திலும் அவர்களுடைய பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: யார் ஓய்வு பெறுகிறார், அவருக்கு அடுத்தபடி யார் என்பது ஓராண்டுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஆகையால் அந்த அடுத்தவரை இந்த ஜனவரி முதலே, பாடமில்லாத பீரியடில், தலைமையாசிரியரின் அறையில் உட்காரவையுங்கள். ரொக்கப் பதிவேட்டை அவர் எழுதட்டும்; கையெழுத்தை நீங்கள் போடுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது விடுப்பு எடுத்துக்கொண்டு பொறுப்பை அவரிடம் விடுங்கள். ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்பதற்கு, அன்றைக்கு ஊரிலேயே இருங்கள்.